பங்களாதேஷுக்காக ஒரு ரொக் நிகழ்ச்சி: பிள்ளைகளோடு பார்ப்பவர்களுக்கு

பழைய ரொக் இசை நிகழ்ச்சிகளை வீட்டுப் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்புகிறவர்கள் பெரும்பாலும் வுட்ஸ்டொக்கிலிருந்துதான் தொடங்குவார்கள். 1969 ஆகஸ்ட்டில் நியூயோர்க் மாநிலத்தில் ஒரு பாற்பண்ணைக்குச் சொந்தமான நிலத்தில் ஏறத்தாழ நான்கு இலட்சம் பேர் திரண்ட நிகழ்ச்சி அது. அதன் கடைசிக் கலைஞராகத் திங்கட்கிழமை காலையில் மேடையேறிய ஜிமி ஹென்றிக்ஸ், அமெரிக்கத் தேசிய கீதத்தைக் கிற்றாரில் வாசித்தார். இடையிடையே விமானம் இரைவது போலவும் குண்டு விழுவது போலவும் கிற்றாரை அலறவிட்டார். வியட்நாமில் போர் நடந்துகொண்டிருந்த காலம் என்பதால், கேட்டவர்களுக்கு அதன் பொருளைச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. இசை என்ற வகையில் அது பெரிய சாதனைதான். ஆனால் எங்கள் வீடுகளில் அந்தச் சத்தம் கேட்டால் திரையைப் பார்ப்பதற்கு முன்னர் கூரையைப் பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதனால் நான் அங்கிருந்து தொடங்குவதில்லை.

நான் தொடங்குவது 1971 ஆகஸ்ட் 1 ஆம் திகதி நியூயோர்க் நகரின் மடிசன் ஸ்குவயர் கார்டன் அரங்கில் நடைபெற்ற ‘பங்களாதேஷுக்கான இசை நிகழ்ச்சி’யிலிருந்து. போரினால் இடம்பெயர்ந்த மக்களுக்காக ரொக் கலைஞர்கள் ஒன்றுகூடி நடத்திய முதலாவது பெரிய நிகழ்ச்சி இதுதான். பின்னர் வந்த இத்தகைய நிகழ்ச்சிகள் பலவும் இதனைப் பார்த்துப் பழகியவைதான். இது திரைப்படமாகவும் வெளிவந்திருப்பதால் ஒரே அமர்வில் பார்த்து முடிக்கலாம். ஆனால் பின்னணியைச் சொல்லாமல் காட்டினால், தாடி வளர்த்த வெள்ளைக்காரர்கள் சிலர் பாடுகிற பழைய படமாகத்தான் பிள்ளைகளுக்குத் தெரியும்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அன்று பாகிஸ்தான் இரண்டு துண்டுகளாக இருந்தது. நடுவில் இந்தியா. 1970 நவம்பரில் கிழக்குப் பாகிஸ்தானைத் தாக்கிய புயலில் இலட்சக்கணக்கானோர் இறந்தனர். நிவாரணத்தில் மத்திய அரசு காட்டிய அசட்டை மக்களைக் கொதிக்க வைத்தது. அடுத்த மாதம் நடைபெற்ற பொதுத் தேர்தலில், கிழக்கிலிருந்த 162 பொது ஆசனங்களில் 160 ஐ ஷேக் முஜிபுர் ரஹ்மானின் அவாமி லீக் வென்றது. நாடு முழுவதற்குமான பெரும்பான்மையும் அந்தக் கட்சிக்கே கிடைத்தது. ஆட்சியை ஒப்படைக்க இராணுவ ஆட்சியாளர்கள் தயாராக இருக்கவில்லை. 1971 மார்ச் 25 ஆம் திகதி இரவு டாக்காவில் இராணுவ நடவடிக்கை தொடங்கியது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் எல்லையைக் கடந்து இந்தியாவுக்குள் அகதிகளாகச் சென்றனர். மொழி, தேர்தல் தீர்ப்பு, இராணுவம், இடப்பெயர்வு. இந்த வரிசையை எங்கள் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்த அதிக நேரம் தேவைப்படாது.

இதில் இலங்கைக்கும் ஒரு பங்கு இருந்தது. இந்தியப் பயணிகள் விமானமொன்று லாகூருக்குக் கடத்தப்பட்டு எரிக்கப்பட்டதைத் தொடர்ந்து, 1971 பெப்ரவரியில் பாகிஸ்தான் விமானங்கள் தனது வான்பரப்பில் பறப்பதை இந்தியா தடைசெய்தது. மேற்கிலிருந்து கிழக்குக்குச் செல்ல வேண்டிய பாகிஸ்தான் விமானங்கள் தெற்கே சுற்றிவந்து கட்டுநாயக்கவில் எரிபொருள் நிரப்பிச் சென்றன. சிறிமாவோ பண்டாரநாயக்க அரசாங்கம் அதற்கு இடமளித்தது. அந்த விமானங்களில் படையினரும் கொண்டுசெல்லப்படுகிறார்கள் என்று அப்போதே குற்றச்சாட்டு எழுந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் தெற்கில் ஜே.வி.பி. கிளர்ச்சியை எதிர்கொண்டிருந்த அரசாங்கம் அது. இந்தத் தகவலைச் சொன்னபோது எனது மருமக்கள் இருவரும் நம்பவில்லை. தேடிப் பார்த்துவிட்டுத்தான் படத்துக்கு வந்தார்கள்.

நிகழ்ச்சியின் வித்து ஒரு நட்பு. சிதார் மேதை ரவி சங்கரின் தந்தைவழி ஊர் கிழக்கு வங்காளத்தின் ஜெசூர் பகுதியில் இருந்தது. அவருடைய குருவான அலாவுதீன் கான் கிழக்கு வங்காளத்தவர். குருவின் மகனும் சரோத் கலைஞருமான அலி அக்பர் கானும் கொமில்லாப் பகுதியில் பிறந்தவர்தான். எனவே அகதிகளைப் பற்றிய செய்திகள் ரவி சங்கருக்குத் தூரத்துச் செய்திகளாக இருக்கவில்லை. தான் ஒரு கச்சேரி செய்து இருபத்தையாயிரம் டொலர் அளவில் சேர்க்கலாம் என்று நினைத்தவர், 1966 முதல் தன்னிடம் சிதார் பயின்ற பீட்டில்ஸ் கலைஞர் ஜோர்ஜ் ஹரிசனிடம் ஆலோசனை கேட்டார். பீட்டில்ஸ் குழு பிரிந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. ஹரிசன் தொலைபேசியும் கையுமாக உட்கார்ந்து, சில வாரங்களுக்குள் கலைஞர்களைத் திரட்டினார். ரிங்கோ ஸ்டார், எரிக் கிளப்டன், லியோன் ரஸல், பில்லி பிரஸ்டன் ஆகியோர் உடன்பட்டனர். ஒரு நிகழ்ச்சிக்கான சீட்டுகள் உடனே தீர்ந்ததால் அதே நாளில் இரண்டு நிகழ்ச்சிகள் நடத்தப்பட்டன. இரண்டிலும் சேர்த்து ஏறத்தாழ 40,000 பேர் பார்த்தனர்.

படத்தில் ஒரு செய்தியாளர் மாநாடு வரும். உலகத்தில் எத்தனையோ துன்பங்கள் இருக்க, இதனை மட்டும் ஏன் தெரிவு செய்தீர்கள் என்று ஹரிசனிடம் கேட்கிறார்கள். நண்பர் ஒருவர் உதவ முடியுமா என்று கேட்டார், அவ்வளவுதான் என்பது அவருடைய பதில். அரசியல் விளக்கமோ இலட்சியப் பேச்சோ கிடையாது. இந்த இடத்தைக் கவனமாகப் பாருங்கள் என்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் இது தேவைப்படும்.

நிகழ்ச்சி ரொக் இசையோடு தொடங்கவில்லை. முதலில் ரவி சங்கரும் அலி அக்பர் கானும், தபேலாவில் அல்லா ரக்காவும், தம்புராவில் கமலா சக்கரவர்த்தியும் அமர்கிறார்கள். இந்த இசைக்குக் கொஞ்சம் ஊன்றிக் கேட்க வேண்டும், வாசிக்கும்போது புகைக்க வேண்டாம் என்று ரவி சங்கர் சபையிடம் கேட்டுக்கொள்கிறார். பிறகு சிறிது நேரம் நரம்புகளைத் தட்டுகிறார்கள், முறுக்குகிறார்கள், நிறுத்துகிறார்கள். உடனே அரங்கம் அதிரக் கைதட்டுகிறது. என் மருமகன் மிருதங்கம் படிப்பவன். “மாமா, இவை ஏன் கைதட்டுகினம்? இன்னும் தொடங்கேல்லையே, சுருதியெல்லோ சேர்த்தவை!” என்றான். திரையில் ரவி சங்கரும் சிரித்துக்கொண்டு, சுருதி சேர்ப்பதையே இவ்வளவு ரசிக்கிறீர்கள் என்றால் வாசிப்பை இன்னும் ரசிப்பீர்கள் என்று நம்புகிறேன் என்ற கருத்தில் சொல்கிறார். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு நியூயோர்க் சபையைவிடத் தனக்கு ஒரு விடயம் கூடத் தெரியும் என்ற பெருமை அந்த இடத்தில் வந்துவிட்டது. அதன் பிறகு அவனை எழுப்ப முடியவில்லை.

அவர்கள் வாசித்தது வங்காள நாட்டார் மெட்டைத் தழுவிய ஒரு துன். அதன் தாளம் தீன்தாள், 16 மாத்திரை. எங்களுடைய ஆதி தாளம் எட்டு அட்சரம் என்பதால், மிருதங்கமோ வயலினோ படிக்கிற பிள்ளைகளுக்குக் கையால் தாளம் போட்டுக்கொண்டே பின்தொடர முடியும். ரொக் இசையைப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்த இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை. தெரிந்த வீட்டின் வழியாகத் தெரியாத தெருவுக்குள் போவது போன்றது.

ரொக் பகுதியில் பார்க்க வேண்டியவை பல இருக்கின்றன. எல்லாவற்றையும் சொல்லப் போவதில்லை. ரிங்கோ ஸ்டாரும் ஜிம் கெல்ட்னரும் இரண்டு ட்ரம்களில் பக்கத்துப் பக்கத்தில் இருந்து ஒரே அடியை வாசிப்பதை மருமகன்தான் எனக்குக் காட்டினான். நான் அதை முன்பு ஊன்றிப் பார்த்ததில்லை. எரிக் கிளப்டன் அப்போது போதைப்பொருளுக்கு அடிமையாகி மிகவும் நலிந்திருந்தார். ஒத்திகைகளுக்குக்கூட ஒழுங்காக வரவில்லை. மேடையிலும் அது தெரியும். வளர்ந்த பிள்ளைகளிடம் இதை மறைக்காமல் சொல்லலாம். எங்கள் ஊர்களில் இன்று அது தேவையான பேச்சும்கூட. பொப் டிலன் வருவாரா என்பது கடைசி நிமிடம் வரை ஒருவருக்கும் தெரியாது. தனது கிற்றாரில் ஒட்டியிருந்த பாடல் பட்டியலில் ஹரிசன், பொப் என்று எழுதிப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டிருந்தார். டிலன் வந்தார். ஹரிசன் கிற்றாரையும் ரஸல் பேஸ் கிற்றாரையும் ரிங்கோ தம்பூரின் என்ற கைப்பறையையும் எடுத்துக்கொண்டு, அவருக்குப் பக்கவாத்தியக்காரர்களாக நின்றார்கள்.

இந்த இசை எனக்கு முதலில் கிடைத்தது கசற்றில், 90களின் யாழ்ப்பாணத்தில். மின்சாரமும் இல்லை, பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி டைனமோவைச் சுற்றித்தான் கேட்போம். சுற்றுகிறவருக்குக் கை ஓய்ந்தால் ஹரிசனின் குரல் இழுபட்டுக் கிழவனின் குரலாகிவிடும். அந்த நாடாவில் ரவி சங்கரின் பகுதி இருக்கவில்லை, யாரோ வெட்டிவிட்டுப் பதிந்திருந்தார்கள். ஆகையால் முழுமையான பதிப்பைத் தேடிப் பாருங்கள் என்பது எனது ஆலோசனை.

ரவி சங்கரின் வாசிப்புக்கும் ஹரிசனின் பகுதிக்கும் இடையில், அரங்கில் இருந்தவர்களுக்கு அகதிகளைப் பற்றிய தொலைக்காட்சிப் படமொன்று காட்டப்பட்டது. நாங்களும் அந்த இடத்தில் நிறுத்தி, 1971 ஆம் ஆண்டின் செய்திப் படங்கள் சிலவற்றைப் பார்த்தோம். எல்லாவற்றையும் காட்டவில்லை. அவற்றில் குழந்தைகளின் உடல்களும் இருக்கின்றன. பெரியவர் ஒருவர் முதலில் பார்த்துத் தெரிந்தெடுப்பதுதான் முறை. சேற்றுப் பாதையில் மூட்டைகளோடு மக்கள் நடக்கும் படங்களைத் தெரிந்தெடுத்திருந்தேன். குசினிக்கும் விறாந்தைக்கும் நடந்துகொண்டிருந்த அக்கா கதவடியில் நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்: “தம்பி, உந்தச் சனம் எந்த மாதம் நடந்தது? மழைக்காலமோ?”

மழைக்காலம்தான். ஜூன் மாதத்தில் பருவமழையோடு முகாம்களில் வாந்திபேதி பரவியது. அதைச் சொன்னேன். அக்கா கதிரையில் இருந்தார். 2008 நவம்பரில் நிஷா புயல் அடித்தபோது தருமபுரத்தில் தறப்பாளுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்ததையும், விடியும்வரை பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இப்படியொரு கதிரையில்தான் இருந்ததையும் சொன்னார். அந்தப் பிள்ளை என் மருமகள். இப்போது உயர்தரம் படிக்கிறாள். “நானோ அம்மா?” என்று கேட்டாள். அவளுக்கு அது தெரியாது. மருமகன் முகாமிலிருந்து வெளியே வந்த பிறகு பிறந்தவன், அவனுக்கு எதுவுமே தெரியாது. அந்த வீட்டில் இவற்றைப் பற்றி யாரும் கதைப்பதில்லை. உங்கள் வீட்டிலும் அப்படி இருக்கலாம். அன்று அக்கா சொன்னது அவ்வளவுதான், பத்து நிமிடம்கூட இருக்காது. சொந்தக் கதையை நேரே கேட்டால் எழுந்து போய்விடுகிறவர்கள், வேறொரு சனத்தின் மழையைப் பார்த்துவிட்டுத் தங்கள் மழையைப் பற்றி வாய் திறக்கிறார்கள். வற்புறுத்தினால் இது நடக்காது. நாங்கள் யாரும் அடுத்த கேள்வி கேட்கவில்லை.

கேள்வி பின்னர் மருமகனிடமிருந்து வந்தது. “மாமா, எங்களுக்கு ஏன் ஒருத்தரும் இப்பிடி ஒண்டு செய்யேல்லை?”

இதற்குச் சமாளிப்பான பதில் சொல்லக்கூடாது. நான் சொன்னவை இவை. முதலாவது, ஹரிசன் சொன்ன காரணம். கேட்பதற்கு ஒரு நண்பர் இருந்தார். உலகப் புகழ்பெற்ற ஒரு வங்காளி, உலகத்திலேயே மிகப் புகழ்பெற்ற குழுவைச் சேர்ந்த ஒருவரின் குருவாக இருந்தார். ஒரு மக்களின் துன்பத்தின் அளவுக்கும் அதற்குக் கிடைக்கும் கவனத்தின் அளவுக்கும் தொடர்பில்லை. இரண்டாவது, வங்காள அகதிகள் எல்லையைக் கடந்து வந்துவிட்டார்கள். கமராக்கள் அவர்களிடம் போக முடிந்தது. கிழக்குப் பாகிஸ்தானுக்குள் நடந்ததை அந்தனி மஸ்கரனாஸ் என்ற பாகிஸ்தான் ஊடகவியலாளர் 1971 ஜூன் 13 ஆம் திகதி லண்டனின் சண்டே டைம்ஸ் பத்திரிகையில் எழுதினார். 2009 இல் வன்னியில் மக்கள் வெளியேற முடியாமல் இரு தரப்புக்கும் நடுவில் சிக்கியிருந்தனர். சர்வதேச உதவி நிறுவனங்கள் 2008 செப்டெம்பரிலேயே வெளியேற்றப்பட்டிருந்தன. சுதந்திர ஊடகங்களுக்கு அனுமதி இல்லை.

மூன்றாவது, ஒருவருமே பேசவில்லை என்பதும் சரியல்ல. எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடும் மாயா அருள்பிரகாசம் லண்டனில் பிறந்து யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்தவர். 2009 பெப்ரவரி 8 ஆம் திகதி நிறைமாதக் கர்ப்பிணியாகக் கிராமி விருது மேடையில் பாடிய அவர், அந்த மாதங்களில் அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் வன்னி மக்களைப் பற்றித் திரும்பத் திரும்பப் பேசினார். கிடைத்தது என்ன? புலி ஆதரவாளர் என்ற முத்திரை. ஹரிசன் லிவர்பூல்காரர். அவரை ஒரு தரப்பாகப் பார்க்க முடியவில்லை. மாயா தமிழர் என்பதே அவருடைய சொல்லைச் சந்தேகிக்கப் போதுமான காரணமாக இருந்தது. மருமகளுக்கு இந்த வேறுபாடு உடனே விளங்கியது. மருமகன் திருப்திப்படவில்லை. நானும் அவன் திருப்திப்பட வேண்டுமென்று எதிர்பார்க்கவில்லை.

அந்த நிகழ்ச்சி என்ன செய்தது, என்ன செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். போரை அது நிறுத்தவில்லை. நிக்சனின் அமெரிக்க அரசாங்கம் பாகிஸ்தானுக்கே ஆதரவாக இருந்தது. போர் டிசம்பர் 16 ஆம் திகதி முடிந்ததற்குக் காரணம் முக்தி பாகினியும் இந்திய இராணுவமும். ஆனால் ஒரு பெயர் இருந்தது. ஆகஸ்ட் 1 ஆம் திகதி உலகில் எந்த நாடும் பங்களாதேஷை அங்கீகரித்திருக்கவில்லை. பூட்டானும் இந்தியாவும் டிசம்பர் 6 ஆம் திகதிதான் அங்கீகரித்தன. அரசியல் எமது நோக்கமல்ல, நாங்கள் கலைஞர்கள் என்று ரவி சங்கர் மேடையில் சொன்னாலும், கிழக்குப் பாகிஸ்தான் என்று சொல்லாமல் அந்த மக்கள் தங்களுக்கு வைத்த பெயரை விளம்பரத்திலும் இசைத்தட்டிலும் அச்சிட்டது சிறிய விடயமல்ல. பெயர்களின் விலை தெரிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பணத்தின் கதை அவ்வளவு அழகானதல்ல. சீட்டு விற்பனையில் கிடைத்த 243,418 டொலர் 50 சதம் விரைவாக யுனிசெப்பிடம் சேர்ந்தது. பெரும் பணம் வந்தது மூன்று தட்டுகள் கொண்ட இசைத்தொகுப்பிலும் திரைப்படத்திலும். அது முடங்கியது. நிகழ்ச்சிக்கு முன்னரே யுனிசெப்பைச் சட்டப்படி சம்பந்தப்படுத்தியிருக்கவில்லை என்பதால், அமெரிக்க வரித் திணைக்களம் வரிவிலக்குக் கொடுக்க மறுத்தது. இசைத்தட்டு நிறுவனங்களிடையே வெளியீட்டு உரிமை இழுபறி வேறு. பிரித்தானிய அரசாங்கமும் விற்பனை வரியை விட்டுக்கொடுக்கவில்லை. முடங்கிய பணத்தில் ஏறத்தாழ 88 இலட்சம் டொலர் யுனிசெப்பிடம் போய்ச்சேர்ந்தபோது 1981 ஆகிவிட்டது. அகதி முகாமில் இருந்த கைக்குழந்தைக்கு அப்போது பத்து வயது. கணக்கு எங்கே என்ற கேள்வி எங்களுக்கும் புதியதல்ல. ரொறொன்ரோவிலோ லண்டனிலோ நிவாரணத்துக்கென்று மண்டபம் எடுக்கிறவர்கள், பாடகரை ஒழுங்குபடுத்துவதற்கு முன்னர் பணம் எந்தப் பதிவுபெற்ற அமைப்பின் வழியாக, எந்தச் சட்டத்தின் கீழ் போய்ச்சேரும் என்பதை எழுத்தில் முடித்துவைப்பது நல்லது. நல்ல மனம் இருந்தும் பத்தாண்டுகள் பிந்தியதற்கு ஹரிசனின் கதையே சாட்சி.

இதை முடித்துவிட்டு அடுத்ததாக லைவ் எய்ட் பார்க்கலாம். எத்தியோப்பியப் பஞ்சத்துக்காக லண்டன் வெம்பிளியிலும் அமெரிக்காவின் பிலடெல்பியாவிலும் ஒரே நாளில் நடைபெற்ற நிகழ்ச்சி. பார்ப்பதற்கு முன்னர் பிள்ளைகளிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். அந்தப் பஞ்சம் மழை பொய்த்ததால் மட்டும் வந்ததல்ல. வடக்கில் கிளர்ச்சியாளர்களோடு போரிட்டுக்கொண்டிருந்த மெங்கிஸ்து அரசாங்கத்தின் நடவடிக்கைகளும் கட்டாயக் குடியேற்றமும் அதைப் பெருக்கின. குடியேற்றத்தைக் கண்டித்த எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் பிரெஞ்சுப் பிரிவு 1985 டிசம்பரில் நாட்டிலிருந்து வெளியேற்றப்பட்டது. மேடையில் வரட்சி தெரிந்தது, போர் தெரியவில்லை. உணவு எப்படி ஆயுதமாகும் என்பதை எங்கள் வீடுகளில் கேட்டால் சொல்லப் பாட்டிமார் இருக்கிறார்கள்.

நிகழ்ச்சி நடந்த திகதி 1985 ஜூலை 13. அதே நாளில்தான் பூட்டானின் திம்புவில் ஆறு தமிழ் அமைப்புகளின் பிரதிநிதிகள் தங்கள் நான்கு அடிப்படைக் கோரிக்கைகளைக் கூட்டறிக்கையாக முன்வைத்தனர். உலகத் தொலைக்காட்சிகள் அன்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன.

பிள்ளைகள் எப்படியும் முதலில் கேட்கப்போவது குயீன் குழுவின் இருபது நிமிடங்களைத்தான். கேட்கட்டும். அதில் பாடும் ஃபிரெடி மெர்க்குரியின் இயற்பெயர் பரூக் புல்சரா. சன்சிபாரில் வாழ்ந்த பார்சிக் குடும்பம். 1964 புரட்சியின்போது பெற்றோரோடு இங்கிலாந்துக்குத் தப்பிச் சென்றபோது அவருக்கு வயது 17. அடுத்த போயா விடுமுறைக்கு நாங்கள் அதைப் பார்க்க இருக்கிறோம். அக்கா தானும் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார், சத்தத்தை மட்டும் குறைத்து வைக்கச் சொல்லி.